விசா வந்துவிட்டது, அதில் என்ன எழுதியிருக்கிறது?



'மகனுக்கு விசா வந்துவிட்டது' என்ற செய்தி ஒரு வீட்டிற்குள் நுழைந்தால் அன்று மாலைக்குள் அந்தத் தெரு முழுவதும் அதனை அறிந்துவிடும். கீழக்கரையாயினும் அதிராம்பட்டினமாயினும், கூத்தாநல்லூராயினும் மேலப்பாளையமாயினும் இதில் வேறுபாடு காண முடியாது. உம்மா இரண்டு ரக்அத் நஃபில் தொழுவார். உறவினர் இல்லங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். எந்தத் தேதியில் பயணம், எவரிடம் டிக்கெட் எடுப்பது, அங்கிருக்கும் மாமாவுக்கு என்ன கொடுத்தனுப்புவது என்ற பேச்சு இரவு வரை நீளும். ஆனால், அந்த விசாத் தாளில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று வினவுவோர் அக்கூட்டத்தில் மிக அரிதாகவே இருப்பர்.

ஒரு மனை வாங்குவதென்றால் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்க்கிறோம். ஒரு சம்பந்தம் பேசுவதென்றால் நான்கு இடங்களில் விசாரித்த பின்னரே வாக்குக் கொடுக்கிறோம். மகனின் இளமையில் இரண்டு ஆண்டுகளையோ இருபது ஆண்டுகளையோ முன்பின் அறியாத ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கும் பொழுது மட்டும் 'விசா' என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் நிறைவடைந்து விடுகிறோம். விந்தைதான்!

அந்தத் தாளைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும். அது எவர் பெயரால் வந்திருக்கிறது? எந்தத் தொழிலுக்காக வந்திருக்கிறது? அதற்கு விலை கொடுத்தது யார்? நகையைக் கழற்றிக் கொடுக்கவிருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் இம்மூன்றையும் கேட்கும் உரிமை எவரைக் காட்டிலும் கூடுதலாகவே உண்டு.

கஃபீல் என்பவர் யார்?

'கஃபீல்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பொறுப்பேற்பவர், பிணை நிற்பவர் என்பது பொருள். கடனுக்கு ஜாமீன் நிற்பவரையும் இச்சொல்லாலேயே குறிப்பர். வளைகுடா நாடுகளில் பணியாற்றச் செல்லும் வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் அந்நாட்டின் நிறுவனமொன்றோ தனிமனிதரோ பொறுப்பாளராக இருந்தாக வேண்டும் என்பதே அங்கு நெடுங்காலமாக வழங்கிவரும் முறை. விசா பெற்றுத் தருபவரும் அவரே. குடியிருப்பு அட்டையான இகாமாவைப் புதுப்பிப்பவரும் அவரே. அவரை விட்டு விலகிய தொழிலாளி, சட்டத்தின் பார்வையில் அந்நாட்டில் தங்கும் தகுதியையே இழந்தவராகி விடுகிறார். 'ஹுரூப்', அதாவது 'ஓடிவிட்டார்' என்று கஃபீல் அளிக்கும் ஒரு புகார் போதும். அதுவரை நேர்மையாக உழைத்தவரும் தலைமறைவானவராகக் கருதப்படும் நிலை வந்துவிடும்.

இம்முறையின் இறுக்கம் அண்மை ஆண்டுகளில் ஓரளவு தளர்ந்திருக்கிறது என்பதையும் கூறியாக வேண்டும். கத்தரில் பெரும்பாலான தொழிலாளர்கள் நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி தேவையில்லை என 2018இல் சட்டம் வந்தது. வேலை மாறுவதற்கு அவரது ஆட்சேபனையின்மைச் சான்று தேவையில்லை என 2020இல் ஆயிற்று. சவூதி அரேபியாவில் 14 மார்ச் 2021 முதல், ஒப்பந்தக் காலத்தை முடித்தவர் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு முதலாளியின் சம்மதமின்றியே வேறு நிறுவனத்திற்கு மாறலாம். குவைத்திலோ எதிர்த்திசையில் ஒரு மாற்றம்: 1 ஜூலை 2025 முதல் தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் ஊருக்குப் புறப்படும் முன் முதலாளியின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். 'வளைகுடா' என்று நாம் ஒரே பெயரால் அழைத்தாலும், சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் சென்று வந்தவரின் அனுபவம் இன்று செல்பவருக்கு முழுமையாகப் பொருந்திவிடாது.

சவூதியின் 2021ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வீட்டு ஓட்டுநர், வீட்டுக் காவலர், வீட்டுப் பணியாளர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர் ஆகியோருக்குப் பொருந்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. நம் ஊர்களிலிருந்து 'ஹவுஸ் டிரைவர்' விசாவில் செல்வோர் எத்தனை பேர் என்பதை வாசகர்களே அறிவீர்கள். அவ்விசாவே தவறானது என்று நாம் கூறவில்லை. நல்ல குடும்பத்தில் அமைந்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் மரியாதையோடு பணியாற்றித் திரும்பியோர் உண்டு. ஆனால் அந்த வீடு நல்ல வீடாக அமையாவிடில், நிறுவனத் தொழிலாளிக்குத் திறந்திருக்கும் கதவு அவருக்குத் திறந்திருக்காது. அதை அறிந்து செல்வது வேறு. அறியாமல் சென்று அகப்பட்டுக் கொள்வது வேறு.

எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

தொழில் என்னவென்று அறிய வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. நம் இல்லங்களில் அரபு எழுத்துகளை அறியாதோர் எவருமில்லை. எழுதப் படிக்கப் பள்ளிக்கூடம் செல்லாத பாட்டிமார்கூட மதரஸாவில் அலிஃப், பே கற்றவர்களே. விசாவில் ஜபர், ஜேர், பேஷ் குறிகள் இரா. எனினும், ஓதிப் பழகிய கண்ணுக்கு அவ்வெழுத்துகள் அயலானவை அல்ல. 'அல்மிஹ்னா' என்ற சொல்லைத் தேடுங்கள். 'தொழில்' என்பது அதன் பொருள். அதனை அடுத்து எழுதப்பட்டிருப்பதே உங்கள் மகன் அந்நாட்டில் எவராக வாழப் போகிறார் என்பதைத் தீர்மானிக்கும்.

'ஸாயிக் காஸ்' என்றிருந்தால் வீட்டு ஓட்டுநர். 'ஆமில் மன்ஸிலீ' என்றிருந்தால் வீட்டுப் பணியாளர். 'ஆமில் தஹ்மீல் வ தன்ஸீல்' என்பது சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. 'ஆமில் மஸ்ரஆ' என்பது பண்ணையில் வேலை செய்பவர். 'ராஈ அக்னாம்' என்றிருந்தால் ஆடு மேய்ப்பவர். சூப்பர் மார்க்கெட்டில் கணக்கு எழுதும் வேலை என்று சொல்லி வாங்கிய விசாவில் 'ராஈ' என்ற சொல் இருக்குமானால், ஜித்தா விமான நிலையத்தில் அவரை அழைத்துச் செல்ல வருகின்ற வண்டி கடைத்தெருவை நோக்கிச் செல்லாது. பொருள் விளங்காவிடில் பள்ளிவாசல் இமாமிடமோ அருகிலுள்ள ஆலிமிடமோ காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

சவூதி விசாவில் கஃபீலின் அடையாள எண்ணும் இருக்கும். அது 1இல் தொடங்கினால் அவர் தனிமனிதர். 7இல் தொடங்கினால் அது ஒரு நிறுவனம். 'பெரிய கம்பெனி விசா' என்று ஏஜெண்ட் கூறியது உண்மையா என்பதற்கு அந்த முதல் இலக்கமே சான்று. குவைத்திலோ 18ஆம் எண் விசா தனியார் நிறுவனத்திற்குரியது. 20ஆம் எண் விசா வீட்டுப் பணிக்குரியது. 'இருபதில் போய் இறங்கினால் போதும், பதினெட்டாக மாற்றிக் கொள்ளலாம்' என்ற வாக்குறுதியை நம்பிச் சென்றோர் பலர். 2024ஆம் ஆண்டு ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை அவ்வாறு மாறிக்கொள்ள அந்நாட்டு அரசு வாய்ப்பளித்தது. இரண்டே மாதங்கள் திறந்திருந்த அந்தக் கதவை நம்பி இன்று பயணம் புறப்படுவது அறிவுடைமையாகாது.

விலை கொடுத்து வாங்கும் விசா

இப்பொழுது மூன்றாவது கேள்விக்கு வருவோம். பல குடும்பங்களின் நிம்மதியைக் குலைத்தது இதுதான்.

சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, தொழிலாளியை வரவழைக்கும் செலவு, இகாமாக் கட்டணம், பணி அனுமதிக் கட்டணம், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் ஆகிய அனைத்தும் முதலாளியின் பொறுப்பு என்று கூறுகிறது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐக்கிய அரபு எமிரேட்ஸின் புதிய சட்டமும், ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதைத் தடை செய்கிறது. நம் நாட்டின் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்ட் தமது சேவைக்காகப் பெறக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியுமே ஆகும். இதுதான் சட்டம். நம் ஊர்களில் விசாவுக்கு இன்று என்ன விலை பேசப்படுகிறது என்பதை நாம் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்து விசா பெற்றவருக்குச் சம்பளம் 1,500 ரியால் என்று கொள்வோம். உணவு, தொலைபேசி, இதர செலவுகளுக்கு 500 ரியால் கழித்தால் மீதம் 1,000. ரியாலுக்கு 22 ரூபாய் என்றால் மாதம் 22,000 ரூபாய். வீட்டிற்கு ஒரு பைசாவும் அனுப்பாதிருந்தால் ஏழு மாதங்களில் கடன் அடையும். வீட்டுச் செலவுக்கு மாதம் 12,000 அனுப்பினாலோ பதினைந்து மாதங்கள் ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் எஞ்சுவது ஒன்பது மாதங்கள்! இதில் நோய் வரவில்லை, சம்பளம் தாமதமாகவில்லை, தங்கையின் திருமணம் வரவில்லை. அடகு வைத்த நகைக்கு வட்டியும் சேர்க்கவில்லை. அந்த வட்டியைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாய் திறப்பதில்லை என்பது தனிக்கதை.

பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு. கடன்பட்டுச் சென்றவரால் 'இந்த வேலை வேண்டாம்' என்று சொல்ல முடியாது. சொன்ன சம்பளம் இல்லை என்றாலும், சொன்ன வேலை இல்லை என்றாலும், ஊரில் அடகுச் சீட்டு காத்திருக்கிறது என்ற எண்ணம் அவர் வாயைக் கட்டிவிடும். அவரை அங்கே கட்டிப்போடுவதில் கஃபீலின் பங்கு பாதி என்றால், இங்கே பட்ட கடனின் பங்கு மறுபாதி.

'ஃப்ரீ விசா' என்றும் 'ஆஸாத் விசா' என்றும் ஒன்று பேசப்படுகிறது. எந்த நாட்டின் சட்டப் புத்தகத்திலும் அப்பெயரில் ஒரு விசா இல்லை. ஒருவர் தம் பெயரில் விசா எடுத்து விற்றுவிடுவார்; வாங்கியவர் வெளியே கிடைத்த இடத்தில் வேலை செய்து, கஃபீலுக்கு மாதந்தோறும் ஒரு தொகை கட்டுவார். இதற்குத்தான் 'சுதந்திரம்' என்று பெயர்! சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தம் முதலாளி அல்லாத பிறரிடம் வேலை செய்வதைத் தடை செய்கிறது. 2013இல் அந்நாட்டு அரசு கால அவகாசம் அளித்து இந்நிலையைச் சரிசெய்ய முற்பட்டபொழுது ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாயகம் திரும்பினர். ஃப்ரீ விசாவில் இருந்து நல்ல நிலைக்கு உயர்ந்தோரை நாம் அறிவோம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களைக் காட்டித்தான் அடுத்தவருக்கு விசா விற்கிறார்கள். திரும்பி வந்தவரை எவரும் காட்டுவதில்லை.

'விசா அனுப்பியது வேறு யாருமல்ல, மச்சான்தான்' என்று கூறுவோர் உண்டு. உறவினர் வழியாக வரும் விசாவே நம்பகமானது என்பது பெரும்பாலும் உண்மையே. எனினும் மச்சானிடமும் கேளுங்கள்: கஃபீலை நேரில் பார்த்திருக்கிறாரா? அவரிடம் இப்பொழுது எத்தனை பேர் வேலை செய்கின்றனர்? அவர்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது? நல்லெண்ணத்தோடு விசா அனுப்பும் உறவினர் பலரும் அதனை மூன்றாம் கை வழியாகவே வாங்கியிருப்பர். இவ்வாறு கேட்பதால் உறவு முறிந்துவிடாது. கேட்காமல் சென்று இடையில் திரும்பி வந்த பின்னர்தான் சம்பந்தி வீடுகளுக்கிடையே பேச்சு நின்றுபோகிறது.

இங்கே முடிக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகையைச் சேர்ந்ததாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் அக்குறிப்பைக் காணலாம். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அரசின் அனுமதி பெற வேண்டும். இதற்கெனச் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இயங்குகிறது. இதனை வீண் அலைச்சல் என எண்ணி, விசிட் விசாவில் ஏற்றி அனுப்பும் ஏஜெண்டுகள் இருக்கின்றனர். அவ்வாறு சென்றவர் அரசின் கணக்கிலேயே இல்லாதவராகி விடுகிறார். அனுமதியோடு செல்பவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் பிரிமியம். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்தப் பத்திரத்தில் வாரிசுதாரராக எவர் பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஏஜெண்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறது. நம் இளைஞர்கள் அதன் படிக்கட்டில் ஏறுவது குறைவு. ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்கள் 30 வயது நிறையும் முன் இந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அனுமதியில்லை. வயதைக் கூட்டிக் காட்டி அனுப்புகிறேன் என்பவரை வாசற்படி தாண்ட விடாதீர்கள்.

மருத்துவப் பரிசோதனையைக் 'காம்கா' என்று நம்மவர் வழங்குவர்; இன்று அது 'வாஃபித்' என்ற பெயரில் நடைபெறுகிறது. முன்பு காசநோய் வந்து முற்றிலும் குணமடைந்தவருக்கும் நுரையீரல் படத்தில் தழும்பு தெரிந்தால் தகுதியில்லை என்று வந்துவிடக்கூடும். ஆகவே விசாவுக்குப் பணம் கட்டிய பின்னர் பரிசோதனை என்ற வரிசையை மாற்றி, முதலில் ஒரு நல்ல மருத்துவரிடம் படம் எடுத்துப் பார்த்துவிடுவது நலம்.

விசிட் விசாவில் சென்று வேலை தேடுவதைப் பற்றியும் ஒரு சொல். எமிரேட்ஸில் பணி அனுமதியின்றி ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கு, 2024ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஒரு இலட்சம் திர்ஹம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை அபராதம். இவ்வளவு பெரிய அபராதத்தைத் துணிந்து ஏற்கும் முதலாளி, தொழிலாளிக்குச் சம்பளம் கொடுப்பதில் நாணயமாக இருப்பார் என எதிர்பார்க்க முடியுமா? கிழக்குத் திசையிலும் இதே வலைதான். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் 2022இல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினர். முதலாளி அனுப்பிய முறையான வேலை விசா அவர்கள் கையில் இருக்கவில்லை.

ஒப்பந்தத்தில் சம்பளம் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். எமிரேட்ஸில் பணி முடிந்து திரும்பும்போது கிடைக்கும் தொகை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 1,500 திர்ஹம் பெறும் இருவரில் ஒருவருக்கு அடிப்படை 1,200, மற்றவருக்கு 600 என்றால், இரண்டாண்டு முடிவில் முன்னவர் பெறுவது 1,680. பின்னவர் பெறுவது 840. மாதச் சம்பளம் வாங்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. எமிரேட்ஸின் வேலை உறுதிக் கடிதம் அரபு, ஆங்கிலத்துடன் தொழிலாளி அறிந்த மூன்றாம் மொழியிலும் தரப்பட வேண்டும் என்ற விதி 2016 முதல் உண்டு. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. 'தமிழில் தாருங்கள்' என்று கேட்டு வாங்குவதில் வெட்கம் எதற்கு? கத்தர் செல்வோர் சென்னையிலுள்ள கத்தர் விசா மையத்திலேயே ஒப்பந்தத்தைப் பார்த்துக் கையெழுத்திட முடியும். அந்நாட்டில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,000 ரியால். உறைவிடமும் உணவும் தராவிடில் முறையே 500, 300 ரியால் கூடுதலாகத் தர வேண்டும்.

உறைவிடம் என்ற சொல்லையும் எளிதாகக் கடந்துவிடாதீர்கள். 12 ஜூன் 2024 அன்று குவைத்தின் மங்கஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. 45 இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானம் தாயகம் கொண்டு வந்தது. அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். ஓர் அறையில் எத்தனை பேர், வெளியேற எத்தனை வழிகள் என்பதை அங்கே இருப்பவரிடம் கேட்டறிவது அச்சமூட்டும் பேச்சல்ல.

ஊரில் இருப்போருக்கு

புறப்படும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்; தாளிலும் வேண்டும். கஃபீலின் பெயரும் எண்ணும் அங்கே உடனிருப்போர் இருவரின் தொலைபேசி எண்களும் மனைவியிடம் எழுத்தில் இருக்கட்டும். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சவூதியிலும் எமிரேட்ஸிலும் கத்தரிலும் சட்டவிரோதம். நடைமுறையில் பலர் வாங்கி வைத்துக்கொள்கின்றனர்; ஆதலால்தான் பிரதி அவசியம். சிக்கல் நேர்ந்து இந்தியத் தூதரகத்தையோ தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையோ நாடும்போது அவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

பின்னாளில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதற்கான கணக்கும் இப்பொழுதே தெரிந்திருக்கட்டும். எமிரேட்ஸில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமுடன் உறைவிடம் வேண்டும். சவூதியில் உடன் வசிப்போர் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் உண்டு. 2017இல் 100 ரியாலாகத் தொடங்கி, ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் இரு குழந்தைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். தொழில் 'ஸாயிக்' என்றோ 'ஆமில்' என்றோ இருந்தால் குடும்ப விசா கிடைப்பதே அரிது. தாளில் எழுதியுள்ள அந்தச் சொல் இங்கும் வந்து நிற்கிறது பாருங்கள்.

இதில் நம்மவர் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். ஒன்று, பெயர். முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதி வைத்திருப்போம். எல்லாவற்றையும் ஒன்றுபோல் திருத்திக் கொள்ளவேண்டும். மற்றொன்று, ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் நகல் மட்டும் போதும் என்ற எண்ணம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்குத் திருமண நாளிலிருந்து 90 நாட்கள் அவகாசம். பதிவுக்கு மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். விடுமுறையில் வந்து நிக்காஹ் முடித்துத் திரும்பும் மாப்பிள்ளையின் லீவு பெரும்பாலும் அறுபது நாட்களைத் தாண்டுவதில்லை. வலீமா விருந்துகள் முடியட்டும் என்று காத்திராமல், முதல் வாரத்திலேயே இருவரையும் பதிவு அலுவலகத்திற்கு அனுப்பி வையுங்கள்.